அப்பாவுக்கு மஹிமா வைத்த சைகை

அர்ஜுனனுக்குக் குரல் பெரிது. லேக் மார்க்கெட்டில் அவர்கள் குடும்பம் நடத்தும் காபித்தூள், அப்பளக் கடையின் வாசலில் நின்று அவன் யாருக்காவது வணக்கம் சொன்னால், எதிர்ப்பக்கம் பூ விற்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதை அவன் ஒரு குறையாக நினைத்ததில்லை. கடைக்காரன் வாயைத் திறந்து பேச வேண்டும், பேசினால்தான் வியாபாரம் என்பான். வீட்டிலும் அதே குரல்தான். ஸ்கூட்டர் சாவி எங்கே என்று கேட்பதும் அந்தக் குரலில்தான், உளுந்து அனுப்பாத மொத்த வியாபாரியைத் திட்டுவதும் அந்தக் குரலில்தான். கோபம் வந்தால் இன்னும் மேலே போகும். யார் மேலும் கை வைத்ததில்லை. ஒரு தம்ளரைக்கூடத் தூக்கி எறிந்ததில்லை. "நான் வாயோட சரி. மனசுல எதையும் வெச்சுக்க மாட்டேன்" என்று அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

அவன் பிறந்ததே கொல்கத்தாவில். மனைவி சங்கவி சாத்தூர்க்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் அந்தக் குரலுக்கு அவள் திடுக்கிட்டுத் திரும்புவாள். பிறகு திரும்புவதை நிறுத்தினாள். சாயங்காலம் அவன் வருகிற நேரத்துக்கு லேக் கார்டன்ஸ் வீட்டின் ஜன்னல்களைச் சாத்திவைக்கப் பழகிக்கொண்டாள். கொசு வரும் என்பாள்.

மஹிமா பிறந்தபோது சங்கவிக்கு வேறொரு கவலை வந்தது. வீட்டுக்குள் தமிழ், மாடிப்படியில் இறங்கினால் வங்காளம், டிவியில் ஹிந்தி. இப்படி மூன்று மொழிக்கு நடுவில் வளரும் குழந்தை கொஞ்சம் தாமதமாகப் பேசலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். ஒன்றுமில்லை என்று சொன்னதும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. கீழ்வீட்டு ஷர்மிஷ்டாவை அண்ணி முறை வைத்து பௌதி என்று கூப்பிடுவாள். அந்த பௌதிதான் ஒரு வழி சொன்னாள். கரியாஹாட்டில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில், சனிக்கிழமைகளில் ஒரு பெண் வகுப்பு நடத்துகிறாள். பேச்சு வருவதற்கு முன்னால் குழந்தைகளுக்குக் கையாலேயே கேட்க, சொல்லக் கற்றுத்தருகிறாள்.

சங்கவி போய்ப் பார்த்துவிட்டு வந்து உற்சாகமாகச் சொன்னாள். அர்ஜுனன் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"நல்லா இருக்கிற பிள்ளைக்கு ஊமைப் பாஷையா சொல்லித் தரப்போற?"

"அப்படிச் சொல்லாதீங்க. பேச்சு வர்ற வரைக்கும்தான். நாக்கு வசப்படறதுக்கு முன்னாடியே கை வசப்பட்டுடுமாம்."

"வெளியில பாக்கறவன் என்ன நினைப்பான்? அர்ஜுனன் பிள்ளைக்கு வாய் வராதுன்னு நினைப்பான்."

"நினைச்சா நினைச்சுட்டுப் போறாங்க" என்றாள் சங்கவி, அவன் குளியலறைக்குள் போன பிறகு.

வகுப்பில் சொன்னபடி அவள் தொடங்கினாள். பால் கொடுக்கும்போது கைவிரல்களை மூடி மூடித் திறந்து காட்டுவாள். தண்ணீருக்குக் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோவாள். இன்னும் வேண்டுமென்றால் இரண்டு கையின் விரல்நுனிகளையும் சேர்த்துத் தட்டுவாள். போதும் என்பதற்கு இரண்டு உள்ளங்கைகளையும் வெளிப்பக்கமாக உதறுவாள். அம்மாவுக்குக் கன்னத்தைத் தொடுவாள். அப்பாவுக்கு மேலுதட்டில் விரலை வைத்து மீசையை முறுக்குவது போலக் காட்டுவாள். மஹிமா அவளை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். வாரக்கணக்கில் சுவரோடு பேசுவது போலத்தான் இருந்தது. ஒரு காலையில், பாதிப் பாலில் வாயை எடுத்துவிட்டு, குழந்தை தன் குட்டி முஷ்டியை மூடித் திறந்தது. சங்கவி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

அர்ஜுனன் மாறியது ஒரு சந்தேஷால். ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து வரும்போது இனிப்பு வாங்கி வந்தவன், ஒரு துணுக்கை எடுத்துக் குழந்தையின் நாக்கில் வைத்தான். மஹிமா சப்புக்கொட்டினாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, விரல்நுனிகளைச் சேர்த்துத் தட்டினாள்.

"சங்கவீ! இங்க வா! இன்னும் வேணும்னு கேக்கறாடி! என்கிட்ட கேக்கறா!"

அந்தச் சத்தத்தில் மஹிமா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சந்தேஷுக்காக அழுகிறாள் என்று நினைத்து அவன் இன்னொரு துணுக்கை அவசரமாக ஊட்டினான்.

அதற்குப் பிறகு ஊமைப் பாஷை என்ற பேச்சு அவன் வாயில் வரவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மகளைப் பற்றிச் சொன்னான். விளக்கு என்று காட்டுகிறாள், காக்கா என்று காட்டுகிறாள் என்று தானே கைகளை ஆட்டிக் காட்டினான். ஆனால் மீசை முறுக்கும் சைகையை மட்டும் மஹிமா கற்றுக்கொள்ளவில்லை. அம்மா உண்டு, காக்கா உண்டு, அப்பா இல்லை. அவனுக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் அது வந்தது. மஹிமா கூடத்தில் உட்கார்ந்து ஒரு கிண்ணத்தைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். கீழே படிக்கட்டில் அர்ஜுனனின் குரல் கேட்டது. போனில் யாரையோ திட்டிக்கொண்டே ஏறி வந்தான். "நனைஞ்ச மூட்டையை அனுப்பிட்டு எனக்கே பாடம் நடத்தறியா" என்பது மூடிய கதவைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது. மஹிமா கரண்டியைக் கீழே போட்டாள். கதவைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் காதுகளின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டாள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, பால் என்று காட்டிவிட்டுக் காத்திருப்பாளே அதே மாதிரி, நான் சொல்வது சரிதானே என்பது போலப் பார்த்தாள்.

அர்ஜுனன் செருப்பைக் கழற்றிக்கொண்டே அதைப் பார்த்துவிட்டான்.

"என்ன பண்றா?"

சங்கவி குனிந்து கரண்டியை எடுத்தாள். பிறகு, "அப்பா வர்றாங்கன்னு சொல்றா" என்றாள்.

"அப்பாவா? எனக்கா?" போனை மேஜையில் போட்டுவிட்டு அவன் குழந்தையின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். "ஏன் காதைப் பிடிச்சுக்கறா?" கேட்ட கையோடு பதிலையும் அவனே கண்டுபிடித்தான். "தோப்புக்கரணம்! கடையைத் திறந்ததும் எங்கப்பா பிள்ளையார் படத்துக்கு முன்னாடி போடுவாரே, அதைப் பார்த்திருக்கா. அப்பான்னா சாமின்னு நினைச்சிருக்கு பாரு, கழுதை!"

"இருக்கும்" என்றாள் சங்கவி. அடுப்பில் ஏதோ இருப்பது போல உள்ளே போனாள்.

மறுநாளே அவன் அதை வீடியோ எடுத்தான். "அப்பா எங்க? அப்பா எங்க?" என்று அவன் உற்சாகமாகக் கூவ, மஹிமா காதுகளைப் பொத்திக்கொள்வாள். குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். பெங்களூரில் இருக்கும் தங்கை கீதாஞ்சலி உடனே போன் செய்தாள்.

"ஏண்ணா, நீ இன்னும் வீட்ல கத்திட்டுத்தான் இருக்கியா?"

"பிள்ளையைப் பத்திச் சொன்னா நீ என்னைப் பத்திக் கேக்கற!" என்றான் அவன், தெருவே கேட்க.

படியில் ஷர்மிஷ்டா பௌதி எதிர்ப்பட்டபோது குழந்தையை நீட்டிச் செய்து காட்டச் சொன்னான். பௌதி குழந்தையைப் பார்த்தாள், பின்னால் நின்ற சங்கவியைப் பார்த்தாள். "கூப் புத்திமதி" என்று மட்டும் சொன்னாள். ரொம்பப் புத்திசாலி என்று அர்த்தம். குழந்தையின் காலை லேசாக வருடிவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்விட்டாள். கடையில் அப்பா கருப்பையா வீடியோவைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். "தோப்புக்கரணம்னா கையை மாத்தியில்ல பிடிக்கணும்" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். குழந்தைக்கு அவ்வளவு நுணுக்கமெல்லாம் தெரியுமா என்று அர்ஜுனன் சிரித்தான்.

நவராத்திரிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. சுண்டலுக்குக் கொண்டைக்கடலையும் வெல்லமும் வாங்க, ஊரின் எந்தெந்த மூலையிலிருந்தோ தமிழ்க் குடும்பங்கள் வந்திருந்தன. சங்கவி மஹிமாவைத் தூக்கிக்கொண்டு உதவிக்கு வந்தாள். அர்ஜுனன் மகளை வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் மேஜைமேல் உட்காரவைத்தான்.

ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற வீரராகவன் தன் மனைவி லக்ஷ்மியோடு காபித்தூளுக்குக் காத்திருந்தார். நெடுநாள் வாடிக்கை.

"மாமி, ஒரு அதிசயம் காட்டறேன் பாருங்க" என்றான் அர்ஜுனன். "மஹிமா! அப்பா எங்க? சொல்லு, அப்பா எங்க?"

கைகள் காதுக்குப் போயின.

"அடடா!" என்றாள் லக்ஷ்மி மாமி. சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ இன்னொரு தடவை என்றார்கள். அர்ஜுனன் இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டான். மஹிமா இன்னும் கொஞ்சம் அழுத்திப் பொத்திக்கொண்டாள். கைதட்டினார்கள். அவன் முகமெல்லாம் பூரித்துப்போனது.

அந்த நேரத்தில் கருப்பையா, வீரராகவனுக்கு வேண்டிய கொட்டையை அளந்து, காபி அரைக்கும் மெஷினில் கொட்டி ஸ்விட்சைப் போட்டார். பழைய மெஷின். தகரக் கூரைமேல் கல்மழை பெய்கிற மாதிரி சத்தம் வரும். மஹிமா மெஷினைப் பார்த்தாள். காதுகளைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயய்யோ, மெஷினையும் அப்பாங்கறாளே!" என்று லக்ஷ்மி மாமி சிரித்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அர்ஜுனன் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான். மெஷின் நின்றது. குழந்தையின் கைகள் இறங்கின. கருப்பையா கவனிக்காமல் அடுத்த பங்கைக் கொட்டி மறுபடி ஓடவிட்டார். கைகள் ஏறின. சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. கடைவாசலில் ஒரு பஸ் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு போனது. மஹிமா தெருப்பக்கம் திரும்பினாள், காதிலிருந்து கையை எடுக்காமல். முன்வரிசையில் நின்றிருந்த ஒரு பெண்மணி தன் போனைக் கீழே இறக்கிப் பைக்குள் வைத்தாள். லக்ஷ்மி மாமியின் சிரிப்பு பாதியில் நின்றது. வீரராகவன் ஓர் அப்பளக் கட்டை எடுத்து அதன் லேபிளைப் படிக்கத் தொடங்கினார்.

அர்ஜுனனுக்குக் காது மடல் சூடாயிற்று. என்ன நடந்தது என்று அவன் மனம் இன்னும் சொல்லவில்லை, உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா! அந்த மெஷினை நிறுத்துங்க!"

மெஷின் அதற்குள் நின்றுவிட்டிருந்தது. அவன் குரல் மட்டும் அந்தக் கடை முழுவதும் நிறைந்து நின்றது. மஹிமா மெஷினைப் பார்க்கவில்லை. நேராக அவனைப் பார்த்தாள். உள்ளங்கைகளைக் காதோடு அழுத்தி, கண்களையும் இறுக மூடிக்கொண்டாள்.

சங்கவி வந்து குழந்தையை எடுத்துக்கொண்டாள். "வெயிலா இருக்கு, நாங்க வீட்டுக்குப் போறோம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அர்ஜுனன் காபித்தூளைப் பொட்டலம் கட்டினான். நூலை இரண்டு தரம் அறுத்துவிட்டான். வீரராகவன் பையை வாங்கிக்கொண்டு, "வரேம்ப்பா" என்றார், ஒரு துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர் மாதிரி மெல்ல. அதற்குப் பதில் அவர் தன்னைத் திட்டியிருக்கலாம் என்று அர்ஜுனனுக்குத் தோன்றியது.

வியாபாரம் நடந்துகொண்டுதான் இருந்தது. கொண்டைக்கடலை, வெல்லம், பெருங்காயம். அவன் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான். ஆனால் மனசுக்குள் அந்த வீடியோ திரும்பத் திரும்ப ஓடியது. அதில் கேட்கும் தன் குரல். தங்கை கேட்ட கேள்வி. கையை மாற்றிப் பிடிக்கணும் என்று சொல்லிவிட்டு அப்பா துடைத்த தராசுத் தட்டு. பௌதி குழந்தையின் காலை வருடியது. எல்லோருக்கும் புரிந்திருக்கிறது. ஒவ்வொருவரிடமும் அவனேதான் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். பாருங்கள், என் குரலைக் கேட்டால் என் பிள்ளை என்ன செய்கிறாள் பாருங்கள் என்று ஊரைக் கூட்டிக் காட்டிவிட்டுக் கைதட்டும் வாங்கியிருக்கிறான்.

மத்தியானம் கருப்பையா, "வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வா" என்றார். அவன் தலையை மட்டும் ஆட்டினான். வீட்டுக்குப் போகவில்லை. ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துகொண்டான். துடுப்புப் படகில் பயிற்சி செய்கிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பசிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினான். சங்கவி சமையலறையில் இருந்தாள். மஹிமா பாயில் உட்கார்ந்திருந்தாள். அவன் எதிரில் உட்கார்ந்து, மேலுதட்டில் விரலை வைத்து மீசையை முறுக்கிக் காட்டினான்.

"அப்பா" என்றான், தணிந்த குரலில். "பாரு, இது அப்பா."

மஹிமா அவன் விரலைப் பார்த்தாள். பிறகு தனக்குத் தெரிந்த சொல்லைச் சொன்னாள். இரண்டு கைகளும் காதுக்குப் போயின.

"அது இல்ல. இது." அவளுடைய கையை எடுத்து அவள் உதட்டில் வைத்தான். விட்டதும் அது காதுக்குப் போனது. மறுபடி எடுத்தான். மறுபடி போனது. காலையில் கடையில் நின்ற முகங்கள் எல்லாம் அந்த இரண்டு சின்னக் கைகளுக்குப் பின்னால் நின்றன. இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துக் கீழே இறக்கி, மடியில் வைத்து அழுத்திக்கொண்டான்.

"வேண்டாம். இனிமே அது வேண்டாம். அதை மறந்துடணும், தெரியுதா?"

அவன் கத்தவில்லை. கிசுகிசுத்தான். ஆனால் கையை விடவில்லை. மஹிமா அழுதாள். அவன் பிடிக்குள் இருந்த அவள் உள்ளங்கைகள் விரிந்து வெளிப்பக்கமாகத் துடித்தன. அவள் என்ன சொல்கிறாள் என்று புரிய அவனுக்குச் சற்று நேரமாயிற்று. போதும் என்கிறாள். கையை உதற முடியாததால், அந்தச் சொல்லைப் பாதிதான் சொல்ல முடிகிறது.

"கையை விடுங்க."

சங்கவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அந்த மாதிரி அவள் பேசி அவன் கேட்டதில்லை.

"விடுங்கன்னு சொன்னேன். அவளுக்கு வாய் அதுதான். பிள்ளை வாயைப் பொத்தறீங்க நீங்க."

அவன் விட்டுவிட்டான். மஹிமாவின் மணிக்கட்டில் அவன் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. அவள் உடனே ஓடிவிடவில்லை. அவனைப் பார்த்து இரண்டு கைகளையும் முழுசாக உதறி, போதும் என்று சொல்லி முடித்தாள். அதற்குப் பிறகுதான் தவழ்ந்து அம்மாவிடம் போனாள். அர்ஜுனன் தன் கைகளைப் பார்த்தான். நான் யார் மேலும் கை வைத்ததில்லை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தான். இனி அதையும் சொல்ல முடியாது.

குழந்தையின் அழுகை ஓய்ந்ததும், சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"முதல் நாளே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கத்துவீங்கன்னுதான்."

"எனக்கும் அசிங்கமாத்தான் இருக்கு" என்றாள் சங்கவி. குழந்தையின் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டே பேசினாள். "நீங்க தோப்புக்கரணம்னு சொன்னப்ப ஆமான்னுட்டேன். அதை வெச்சு நீங்க ஊரெல்லாம் காட்டினப்பவும் சும்மா நின்னேன். குழந்தை தானா ஒரு சைகை உண்டாக்கினா, அதைப் புரிஞ்சுக்கிட்டு மதிக்கணும்னு கிளாஸ்ல சொன்னாங்க. அவ என்னைப் பார்த்து, சரிதானேன்னு கேட்டா. நான்தான் பொய்யா மாத்திச் சொன்னேன்."

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்குத் தெரியாதுன்னு கேளுங்க."

அடுத்த சில நாட்கள் அர்ஜுனன் பேசவே இல்லை. கடையில் விலையைக் காகிதத்தில் எழுதிக் காட்டினான். வீட்டில் சோறு போட்டால் சாப்பிட்டான், கேட்டால் தலையாட்டினான். ராத்திரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். தான் ஒரு பெரிய தண்டனையை அனுபவிப்பதாக அவனுக்கு இருந்தது. சங்கவி பொறுத்துப் பார்த்தாள். ஒரு காலையில் காபி தம்ளரை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, நகராமல் நின்றாள்.

"இப்படி இருக்கறதும் கத்தற மாதிரிதாங்க."

அவன் நிமிர்ந்தான்.

"அப்ப நீங்க கத்துவீங்களோன்னு பார்த்து நடப்போம். இப்ப நீங்க எப்ப பேசுவீங்களோன்னு பார்த்து நடக்கறோம். ரெண்டும் ஒண்ணுதான். நாங்க உங்க முகத்தைத்தான் பார்த்துட்டு இருக்கணும்."

"நான் என்னதான் பண்ணணும்கற?" அவன் குரல் எழும்பியது. அவனுக்கே கேட்டது. அறைக்குள் எட்டிப் பார்த்தான். மஹிமா தூங்கிக்கொண்டிருந்தாள். "என்ன பண்ணணும்?" என்று மறுபடி, கீழே இறக்கிக் கேட்டான்.

"அவ அப்படிக் காட்டினா நிறுத்துங்க. பாதிப் பேச்சா இருந்தாலும் நிறுத்துங்க. யார் எதிர்ல இருந்தாலும். நான் சத்தம் போட்டாலும் நிறுத்திடறேன். அவ சொன்னா நடக்கும்னு அவளுக்குத் தெரியணும்."

அவன் ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொண்டது சுலபமாக இருந்தது, செய்வது அப்படி இல்லை. போனில் பேசிக்கொண்டிருப்பான், நியாயம் முழுக்க அவன் பக்கம் இருக்கும், ஓரக்கண்ணில் அந்தக் கைகள் ஏறுவது தெரியும். நடுவில் வெட்டிக்கொண்டு, "அப்புறம் பேசறேன்" என்று வைக்க வேண்டும். கடையில், வாடிக்கைக்காரர்கள் எதிரில், ஒரு வயசுக் குழந்தை சொல்லி வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமையன்று இருந்தவர்கள் அன்றும் இருப்பார்கள். அவர்களுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் முகத்தில் ரத்தம் ஏறும். சில தடவை நிறுத்தினான். சில தடவை கையைப் பார்த்தும் பார்க்காதவன் போல வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினான். அது சங்கவிக்கும் தெரிந்தது.

ஒருநாள் கீழ்வீட்டு மணியை அடித்தான். ஷர்மிஷ்டா பௌதி கதவைத் திறந்தாள். இத்தனை நாள் சத்தத்துக்கு மன்னிக்கணும் என்று வங்காளத்தில் சொல்ல ஆரம்பித்தவனுக்கு, தான் பிறந்ததிலிருந்து பேசுகிற மொழியில் வார்த்தை கிடைக்கவில்லை. பௌதி அவனை உட்காரச் சொல்லவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போன வருஷம் ஒரு நாள் நான் மேலே வந்தேன்" என்றாள். "உன் வீட்டு மணியில கையை வெச்சேன். அப்புறம், அடுத்தவங்க வீட்டு விஷயம் நமக்கு எதுக்குன்னு இறங்கி வந்துட்டேன். டிவியைச் சத்தமா வெச்சுக்கிட்டேன். சங்கவி முகத்தைப் பார்க்க எனக்கும் கூச்சமாத்தான் இருக்கு, அர்ஜுன்."

அவன் படியேறும்போது, நல்லவேளை மாடிப்படியில் விளக்கு எரியவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

குளிர்காலம் வந்து போனது. மஹிமாவுக்குப் பேச்சு வரத் தொடங்கியது. தண்ணீருக்கு வங்காளத்தில் ஜோல் என்றாள், பாலுக்குத் தமிழில் பா என்றாள். காக்கா, அம்மா, தாத்தா, இந்தா. அப்பா என்பதும் ஒருநாள் வந்தது, எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல், ஒரு செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்து அவனிடம் நீட்டியபோது. சங்கவி போனை எடுத்து வீடியோ பிடிக்கப் போனாள். வேண்டாம் என்று அவன் சொன்னான்.

வார்த்தை வர வர, சைகைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. முதலில் பால் போயிற்று, பிறகு விளக்கு. காதைப் பொத்துவது எப்போது நின்றது என்று இருவருக்கும் சரியாகத் தெரியவில்லை.

பங்குனி வெயில் தொடங்கியிருந்த ஒரு காலையில், உளுந்து மூட்டைகளை இறக்க வண்டி வந்தது. வண்டிக்காரன் கடைக்கு நேர் எதிரில் நிறுத்தாமல், நாலு கடை தள்ளி நிறுத்திவிட்டு, போலீஸ் விடவில்லை என்றான். வாய்ப்பேச்சு வளர்ந்தது. அர்ஜுனனின் குரல் ஏறியது. அவன் நிறுத்தவில்லை. எதிரில் பூக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வண்டிக்காரன் பேச்சை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு மூட்டையைப் பிடித்து இழுத்தான்.

அப்போதுதான் அர்ஜுனன் திரும்பிப் பார்த்தான். மஹிமா தரையில் சாக்கின் மேல் உட்கார்ந்து, ஏலக்காய்களை ஒரு டப்பாவுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். கைகள் காதுக்குப் போகவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. உள்ளே பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்த சங்கவியிடம் போனான்.

"பார்த்தியா? அவ கையை வெச்சுக்கல."

"பார்த்தேன்."

"நான் குறைஞ்சுட்டேனா, இல்ல அவளுக்குப் பழகிடுச்சா?"

சங்கவி ஒரு பாக்கெட்டை ஒட்டி முடித்தாள். அவன் மனம் நோகக் கூடாது என்றும் அவள் பார்க்கவில்லை, நோகட்டும் என்றும் பார்க்கவில்லை.

"தெரியலங்க" என்றாள்.

அவன் கருப்பையாவின் பக்கம் திரும்பினான். அப்பாவிடம் இதுவரை கேட்காத கேள்வி அது.

"நான் இப்ப கத்தினேனாப்பா?"

கருப்பையா தராசிலிருந்து கண்ணை எடுத்தார்.

"கத்தினே."

ஒரே சொல்தான். இத்தனை வருஷத்தில் அப்பா அதை அவன் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. கல்லாவைத் தாண்டி இறங்கித் தெருவுக்குப் போனான். வண்டிக்காரன் தனியாக மூட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அர்ஜுனன் வருவதைப் பார்த்ததும் அவன் முகம் இறுகியது.

"குரல் ஏறிடுச்சு. தப்பு என்னோடதுதான்" என்று அர்ஜுனன் வங்காளத்தில் சொன்னான். பூக்காரர்கள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் காதுக்கு அது எட்டவில்லை. எட்டியிருக்க வேண்டும் என்று தோன்றியது அவனுக்கு. திட்டியது அவர்களுக்குக் கேட்டதே. இன்னொரு முறை, அவர்களுக்கும் கேட்கிற அளவுக்குச் சொன்னான்.

வண்டிக்காரன் மூட்டையை அவன் பக்கம் திருப்பினான். "பிடிங்க" என்றான். அர்ஜுனன் மூட்டையின் மறுமுனையைப் பிடித்தான். வெயிலில் நாலு கடை தூரம் இருவரும் அதைச் சுமந்துகொண்டு வந்தார்கள்.